கோட்டைக்குள் ஒரு போர் அறை: வேணுமா, வேண்டாமா?

வாவிக்கரை வாத்தி:
ஏப்ரல் 9 என்ன நாள் என்று வகுப்பில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. 1942இல் அன்றைக்குத்தான் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பான் விமானங்கள் எங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. திருகோணமலைக்கு அடி விழப்போகிறது என்று அங்கிருந்து விலகி வந்த கப்பல் அது. விமானந்தாங்கி என்று பெயர், அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் செத்தார்கள். வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் 600 பேரளவில் தூக்கி எடுத்தது. இன்றைக்கும் 50 மீற்றர் ஆழத்தில் கப்பல் கிடக்கிறது. வெளிநாட்டுக்காரர் படகு பிடித்துப் போய் மூழ்கிப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ஒல்லாந்தர் கோட்டையில் ஒரு அறை எடுத்து, ஹேர்மிஸில் தொடங்கி 2009 வரை எல்லாப் போரையும் வைத்தால் என்ன? சண்டைக்குப் போனவர்களுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

படுவான்கரைப் பெடியன்:
சேர், "எல்லாப் போரையும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். ஹேர்மிஸ் வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் நடந்த சண்டை, அதை வைக்க யாரும் தடை சொல்லமாட்டார்கள். மறுகா எங்கள் சண்டைக்கு வரும்போது யார் வீரர்? தரவையில், செத்த புலிப் போராளிகளைப் புதைத்த துயிலுமில்லத்தில் கல்லறைகளை இராணுவத்தினர் இடித்துத் தள்ளினார்கள். மாவீரர் நாளான நவம்பர் 27இல் உடைந்த கற்களைக் கூட்டிவைத்து அதன்மேல்தான் சனம் விளக்கேற்றுகிறது. கல்லறையை விட்டுவைக்காதவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் எதை விட்டுவைப்பார்கள்? திருகோணமலை இராணுவ அருங்காட்சியகத்தில் பிடிபட்ட ஆயுதங்களை அடுக்கி வைத்திருப்பதுபோல இங்கேயும் ஒன்று வரும். அதைப் பார்க்க என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறீர்களா?

வாவிக்கரை வாத்தி:
தம்பி, கன்பராவில் உள்ள போர் நினைவகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைச் சுவரில் பதித்திருக்கிறார்கள். பெயர் மட்டும்தான், பதவி இல்லை. ஜெனரலும் சிப்பாயும் ஒரே அளவு எழுத்தில். அப்படி ஒன்றை நாங்களும் யோசிக்கலாம்.

படுவான்கரைப் பெடியன்:
அந்தச் சுவரில் இருப்பது அவர்களுடைய படையில் செத்தவர்களின் பெயர். அதே மண்ணில் வெள்ளைக்காரன் சுட்டுக் கொன்ற பழங்குடிகளின் பெயர் அதில் இல்லை. நீங்களே எனக்கு உதாரணம் எடுத்துத் தந்துவிட்டீர்கள்.

காத்தநகர் காக்கா:
இரண்டு பேரும் வீரர் வீரர் என்கிறீர்கள், எனக்கு அந்தச் சொல்லே தொண்டையில் நிற்கிறது. 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடியில் இஷா என்ற இரவுத் தொழுகை. எங்கள் இரண்டு பள்ளிவாசலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டார்கள். சன்னம் துளைத்த சுவரைப் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறோம். டிக்கெட்டும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. என் மகனுக்கு ஏழு வயதில் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "வாப்பா, இது ஏன் இவ்வளவு கீழே இருக்கு?" என்று கேட்டான். சுஜூதில், நெற்றியை நிலத்தில் வைத்துத் தொழுபவனின் தலை எந்த உயரத்தில் இருக்கும் என்று அவனுக்கு நானே குனிந்து காட்டவேண்டி வந்தது. இதைவிட என்ன அறை வேண்டும்?

(சிலை வைப்பதென்றால் என்னைக் கேட்காதீர்கள். எங்கள் ஊர் நூதனசாலையில் உருவங்கள் வைத்ததற்கு நடந்த வாக்குவாதமே போதும்.)

திருக்கோவில் பிள்ளை:
அரந்தலாவைக்குப் போயிருக்கிறீர்களா? 1987 ஜூன் 2இல் 30க்கும் மேற்பட்ட பிக்குகளைப் புலிகள் கொன்ற அந்த பஸ்ஸையே காட்சியாக வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏறினேன், அழுகை வந்தது. இறங்கியதும் கோபம் வந்தது. அதே அம்பாறை மாவட்டத்தில் 1990 ஆகஸ்டில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் இருந்த சனத்தைக் கொன்றது, அங்கே வந்து இறங்கும் சிங்களப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, அதே வருடம் ஜூனில் சரணடைந்த பொலிஸ்காரரை நூற்றுக்கணக்கில் எங்கள் பக்கத்துக் காட்டில் புலிகள் சுட்டது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? ஆளுக்கொரு இடம் என்றால் இப்படித்தான். எனக்கு வாத்தியாரின் அறை வேணும்.

ஒற்றைச் செருப்பு:
வீரர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், உயிரோடு இருப்பவன் ஒருவன் எழுதுகிறேன். இயக்கத்தில் இருந்தபோது, 1999இல் வன்னியில் எனக்கு இடது கால் போனது. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் வாகரைப் பெடியன். வாத்தியார் ஏப்ரல் 9 என்றார். எனக்கு அது 2004 பெரிய வெள்ளி. புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்தை விட்டுப் பிரிந்த பிறகு, வன்னியிலிருந்து தலைமை அனுப்பிய படை வெருகல் ஆற்றைக் கடந்தது அன்றைக்குத்தான். அவன் அங்கே செத்தான். சுட்டவர்களும் எங்களோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். அவனுக்குத் துயிலுமில்லமும் இல்லை, மாவீரர் பட்டியலும் இல்லை. அரசாங்கத்துக்கும் அவன் யாரோ.

கட்டிலுக்குக் கீழே என் பழைய பொய்க்கால்கள் மூன்று கிடக்கின்றன. ஒன்றில் ரப்பர்க் குதி பிளந்துபோய், சைக்கிள் ரயர்த் துண்டை நானே வெட்டி ஒட்டியிருக்கிறேன். அதைத் தருகிறேன். என்னைக் கௌரவிக்க அல்ல. அதற்குக் கீழே அவன் பெயரையும் வெருகலில் அவனைச் சுட்டது யார் என்பதையும் எழுதவேணும்.

படுவான்கரைப் பெடியன்:
அண்ணன், உங்கள் வலி விளங்குகிறது. ஆனால் அதை எழுதிக் கோட்டையில் மாட்டினால் யார் சந்தோசப்படுவார்கள் என்று தெரியும்தானே? அந்தப் பலகையைப் படம் பிடித்து, பார், இவர்களே இவர்களைக் கொன்றார்கள் என்று ஊர் முழுக்கக் காட்டுவார்கள். அது வேண்டாம்.

காத்தநகர் காக்கா:
தம்பி ஒரு கேள்வி. எங்கள் சுவருக்குக் கீழே யார் சுட்டது என்று எழுதலாமா?

படுவான்கரைப் பெடியன்:
எழுதத்தான் வேணும் காக்கா. 1990 செப்டம்பரில் இராணுவம் சத்துருக்கொண்டானில் சனத்தைக் கொன்றதற்கும் எழுதவேணும், அதே மாதம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்து 158 பேரை ஏற்றிக்கொண்டு போனதற்கும் எழுதவேணும்.

காத்தநகர் காக்கா:
அப்ப வெருகலுக்கு?

திருக்கோவில் பிள்ளை:
இரண்டு நாளாகப் பதில் இல்லையே தம்பி.

படுவான்கரைப் பெடியன்:
இருக்கிறேன் அக்கா. அம்மாவிடம் கேட்டேன். வெருகலில் செத்த பிள்ளைகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு, அந்த வீடுகளுக்கு இன்றைக்கும் யாரும் விளக்குக் கொண்டுபோவதில்லை என்றார். நான் இன்னும் அந்த அறைக்கு எதிர்தான். கோட்டைச் சாவி யார் கையில் இருக்கும் என்பதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒற்றைச் செருப்பு அண்ணன், காலை எறிந்துவிடவேண்டாம். எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், வந்து பெயரை எழுதிக்கொண்டு போகிறேன்.