லைட்கர்வ் ஜூப்பிட்டர் நோட்புக்கில் வரவில்லை, பைத்தான் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். மகள் ஜேசியில், அதாவது தொடக்கக் கல்லூரியில், முதலாம் ஆண்டு. 2018இல் நாசா ஏவிய டெஸ் தொலைநோக்கியின் தரவை இறக்கி, பை மென்சே விண்மீன் 6.27 நாளுக்கு ஒருமுறை மங்குவதைத் தன் கையால் வரைந்து பார்க்க ஆசைப்படுகிறாள். குறுக்கே ஒரு கோள் போவதால் வரும் மங்கல். பத்தாயிரத்தில் மூன்று பங்குதான் ஒளி குறையுமாம். எங்கள் புளோக்கிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் விளக்கு வெளிச்சத்தில் பத்து விண்மீன்கூடத் தேறாது. அவளுக்கு இந்தத் தரவுதான் வானம்.

விண்டோஸ் மடிக்கணினி. பைத்தான் தொகுப்புகளை இறக்கும் பிப் மூலம், விண்மீன் ஒளித் தரவை வரையும் லைட்கர்வ் தொகுப்பு இறங்கியது, கூடவே அதற்குத் தேவையான வானியல் தொகுப்பு ஆஸ்ட்ரோபையும் வந்தது. கறுப்புத் திரையில் இம்போர்ட் அடித்தால் ஏற்கிறது. அதையே உலாவியில் நிரல் எழுதி ஓட்டும் ஜூப்பிட்டரில் அடித்தால் அப்படியொரு மாட்யூலே இல்லை என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. நேற்றிரவு இரண்டு இடத்திலும் எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று பார்த்தோம். இரண்டும் வேறு வேறு. ஒன்று முன்பே போட்டது, மற்றது அனகோண்டா என்ற பைத்தான் தொகுதிக்குள் இருப்பது.

பழையதை நீக்கிவிடலாமா? அவளுடைய பள்ளி வேலையெல்லாம் அதில்தான் ஓடுகிறது, கை வரவில்லை. இல்லை, அனகோண்டாவோடு வரும் காண்டாவில் தனிச்சூழல் உருவாக்கி, அதை ஜூப்பிட்டரோடு இணைக்கும் ஐபைகெர்னல் தொகுப்பு வழியாக ஜூப்பிட்டரில் சேர்ப்பதுதான் சரியா? செய்து பார்த்தவர்கள் கட்டளைகளை வரிசையாகப் போடுங்கள். வியாழக்கிழமை ஆசிரியரிடம் காட்ட வேண்டும். பிள்ளை சோர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.