மாற்றத்தக்க பவர் சப்ளையால் லெட் ஆசிட் பேட்டரியைச் சார்ஜ் செய்யலாமா?

கேள்வி:
வணக்கம். வேளச்சேரியில் மூன்று மாதம் பூட்டிக்கிடந்த வீட்டில் இருந்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி, இப்போது 11.9 வோல்ட்டே காட்டுகிறது. ரிச்சி தெருவில் வாங்கிய, 30 வோல்ட், 5 ஆம்பியர் வரை மாற்றக்கூடிய பவர் சப்ளையால் இதை மீட்க முடியுமா?

பதில் 1:
முடியும், ஐயா, ஆனால் பேட்டரியை இணைப்பதற்கு முன்பே வோல்ட்டேஜை 14.4 ஆகவும், பவர் சப்ளையின் இரு முனைகளைச் சேர்த்துப் பிடித்து மின்னோட்ட வரம்பை 0.7 ஆம்பியராகவும் அமைத்துவிடுங்கள். முதலில் மின்னோட்டம் வரம்பிலேயே நிற்க, வோல்ட்டேஜ் மெல்ல ஏறும், 14.4-ஐத் தொட்டபின் மின்னோட்டம் தானாகக் குறைந்து 0.1 ஆம்பியர் அளவுக்கு வந்ததும் வோல்ட்டேஜை 13.6-க்கு இறக்கிவிடலாம். உங்கள் பேட்டரி நெடுநாள் சார்ஜ் இன்றிக் கிடந்ததால் தகடுகளில் சல்பேட் படிந்திருக்கக்கூடும். முழுத் திறனும் திரும்பும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

பதில் 2:
சென்னை வெயிலை மறக்காதீர்கள். அந்த வோல்ட்டேஜ் அளவுகள் 25 டிகிரிக்கு உரியவை. அறை 35 டிகிரி என்றால் 0.2 வோல்ட் குறைத்து வையுங்கள். மின்வெட்டு வந்தால் பேட்டரியிலிருந்து மின்சாரம் பவர் சப்ளைக்குள் திரும்பிப் பாயும் என்பதால், பாசிட்டிவ் கம்பியில், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டயோடும் ஃபியூஸும் அவசியம். டயோடில் சிறிது வோல்ட்டேஜ் இழப்பு உண்டு, ஆகவே மல்டிமீட்டரைப் பேட்டரி முனையிலேயே வைத்து அளக்கவும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஒன்பது மணி நேரத்தில் மின்னோட்டம் 0.09-க்கு இறங்கியது, கழற்றி ஓர் இரவு வைத்தபின் 12.7 வோல்ட் நிற்கிறது.

பதில் 1:
மகிழ்ச்சி. இனி 12 வோல்ட், 12 வாட் பல்பை இந்தப் பேட்டரியில் எரியவிட்டு, 10.8 வோல்ட்டுக்கு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஐந்து மணி நேரம் தாண்டினால் நம்பிப் பயன்படுத்தலாம். சோதனை முடிந்தவுடன் மறுபடி சார்ஜில் போட்டுவிடுங்கள்.