அளவுத்திட்டத்தை விட்டுவிட்டுக் கட்டத்தை எண்ணுகிறார்கள். என்ன செய்யலாம்?

கேள்வி
நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பட்டை வரைபடத்தில் எது அதிகம், எது குறைவு என்றால் டக்கென்று சொல்லிவிடுகிறார்கள். எத்தனை என்று கேட்டால்தான் சிக்கல். '1 கட்டம் = 2 பேர்' என்று அளவுத்திட்டம் மேலேயே எழுதியிருக்கும். பட்டை எட்டுக் கட்டம் உயரம் என்றால் பாதி வகுப்பு "8" என்கிறது. இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் "எட்டரைப் பேர்" என்று கூசாமல் எழுதுகிறார்கள்! "நாயைவிடப் பூனையை எத்தனை பேருக்குக் கூடுதலாகப் பிடிக்கும்?" என்றால் பூனையின் மொத்த எண்ணிக்கையைச் சொல்கிறார்கள்.

மறுமொழி
அளவுத்திட்டத்தை முதலில் சிவப்புப் பேனாவால் வட்டமிடச் சொல்லிப் பாருங்கள்.

கேட்டவர்
செய்தாயிற்று. வட்டம் அழகாகப் போடுகிறார்கள். அப்புறம் கட்டத்தைத்தான் எண்ணுகிறார்கள்.

மறுமொழி
வட்டம் போட்டு ஆகாது டீச்சர். அளவுத்திட்டம் எதற்கு என்பதே அவர்களுக்குத் தெரியாது. நாம் எழுதிக் கொடுத்த ஒரு வரி, அவ்வளவுதான். அதற்கான தேவை அவர்களுக்கே வர வேண்டும்.

பத்துக் கட்டம் உயரமுள்ள தாளைக் கொடுங்கள். முதலில் 7, 4, 9 மாதிரிச் சின்ன எண்கள். ஒரு கட்டத்துக்கு ஒருவர். அடுத்து அதே தாளில் பூனை 18, நாய் 12, கிளி 17. "இடம் பத்தலை" என்று சத்தம் வரும். உடனே வழி சொல்லிவிடாதீர்கள். ஒருவன் இன்னொரு தாளை ஒட்டப் பார்ப்பான், ஒருத்தி கட்டத்தைச் சிறிதாக்கப் பார்ப்பாள். யாராவது ஒருவர் "ஒரு கட்டத்துக்கு ரெண்டு பேர் வெச்சுக்கலாமா?" என்று கேட்பார். கிளி வரும்போது அரைக் கட்டம் என்றால் ஒரு பிள்ளை என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பிறகு, பூனையை மட்டும் கட்டத்துக்கு 3 பேர் என்று வேறொரு தாளில் வரையச் சொல்லுங்கள். அங்கே 6 கட்டம், இங்கே 9. எந்தத் தாளில் பூனைப் பிரியர்கள் அதிகம்? இந்தக் கேள்விக்கு ஒரு பாடவேளையே போகலாம், போகட்டும்.

'எத்தனை கூடுதல்' கேள்விக்கு, நாயின் பட்டை உச்சியில் அடிக்கோலைப் படுக்கையாக வையுங்கள். அதற்கு மேலே பூனை நீட்டிக்கொண்டிருப்பது 3 கட்டம், அதாவது 6 பேர்.

மறுமொழி
மேலே சொன்னதோடு ஒன்று: வரைபடத்தின் செங்குத்து அச்சில் எண்களைக் கோட்டுக்கு நேராக எழுதுகிறார்களா, கட்டத்துக்குள் எழுதுகிறார்களா என்று பாருங்கள். கட்டத்துக்குள் எழுதினால், பட்டையின் உச்சி எந்த எண்ணைத் தொடுகிறது என்றே தெரியாது. 0 எங்கே என்பதும் குழம்பும்.

கணிதக் கல்வி ஆய்வாளர் ஃபிரான்சஸ் குர்சியோ 1987இல் வரைபட வாசிப்பை மூன்று படிகளாகப் பிரித்தார்: தரவை வாசிப்பது, தரவுகளுக்கு இடையே வாசிப்பது, தரவுக்கு அப்பால் வாசிப்பது. உங்கள் பூனை-நாய்க் கேள்வி இரண்டாம் படி. முதல் படியே ஆடும்போது அதில் திணறத்தான் செய்வார்கள்.

கேட்டவர்
தாள் யோசனையை நாளைக்கே செய்துபார்க்கிறேன். பட விளக்கப்படத்தில் ஒரு முகம் 4 பேர் என்றால் ஒருவரை எப்படிக் காட்டுவது? கால் முகம் வரையச் சொன்னால் காதை மட்டும் வரைகிறார்கள்.

மறுமொழி
முகத்தை விட்டுவிட்டுச் சதுரத் தாளுக்கு மாறுங்கள். நாலாக மடித்து வெட்டினால் ஒரு துண்டு ஒருவர்.