கரடிக்குட்டிக்கு விக்ஸ் எதற்கு?

பழைய கிராணி:
நம் சுங்கை சிப்புட் தோட்டத்து வாட்சப் குழுவில் நேற்று ஒரு குரல்பதிவு. ஓடைப்பக்கச் செம்பனை நிரையில் குலை வெட்டப் போனவர்கள் கரடிக்குட்டி ஒன்றைக் கண்டு தூக்கிவிட்டார்களாம். "மனுசக் கை பட்டால் தாய் சேர்க்காது, லயத்து வீட்டுக்குக் கொண்டு வந்து பால் கொடுங்கள்" என்கிறார் ஓர் அறிவாளி. வாடைக்காகப் பெற்ற குட்டியை விட்டுப்போகிற கரடி எங்கே இருக்கிறது? எடுத்த இடத்திலேயே விடுங்கள். நாயைக் கட்டுங்கள், கூட்டம் போடாதீர்கள், வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்லுங்கள். தாய் பக்கத்தில்தான் நிற்கும். வட அமெரிக்காவில் அனாதைக் குட்டிகளுக்கு விக்ஸ் தடவி வேறொரு தாய்க் கருங்கரடியிடமே சேர்த்திருக்கிறார்கள்.

லோரி மணி:
அந்த அறிவாளி நான்தான், ஐயா. வாடை பொருட்டில்லை என்றால் விக்ஸ் எதற்கு?

பழைய கிராணி:
அது பிறத்தியார் குட்டி, தம்பி. இது சொந்தக் குட்டி.

லோரி மணி:
சரி, விக்ஸ் எதற்கு?

மலர் டீச்சர்:
விக்ஸை விடுங்கள். நம் ஊர்க் கரடியான சூரியக் கரடி, மலேசியாவின் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முழுப் பாதுகாப்பில் உள்ளது. 2019-இல் கோலாலம்பூர் அடுக்குமாடியில் குட்டியை வைத்திருந்து மாட்டியவர், நாய் என்று நினைத்தேன் என்றாரே, மறந்துவிட்டதா? சபாவில் செபிலோக் சூரியக் கரடிக் காப்பகம் 2008-இல் தொடங்கியது. தாயில்லாத குட்டிகளுக்கு அங்கே மரமேறவும் கறையான் புற்றைத் தோண்டவும் பழக்க வருடக்கணக்கில் ஆகிறது. தாயோடு இருந்தால் தானாகப் பழகும்.

லோரி மணி:
டீச்சர், இது வகுப்பறை இல்லை. என் தாத்தா லயத்திலேயே கரடி வளர்த்தவர், டின் பால் ஊற்றி.

பழைய கிராணி:
அந்தக் கரடியை நானும் பார்த்தேன். கூண்டுக்குள் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருநாள் தப்பித்து எங்கள் வீட்டு ஐந்து கோழியை அடித்தது. அந்தக் காசு இன்னும் வரவில்லை.

லோரி மணி:
கோழி மூன்று. காசு கொடுத்தாயிற்று. விக்ஸுக்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய கிராணி:
சொல்கிறேன், பொறுமையாகப் படி. அங்கே பனிக்காலத்தில் கரடி குகையில் முடங்கிக் கிடக்கும். அப்போது குட்டியைச் சேர்ப்பார்கள். தன் குட்டி எது, வந்த குட்டி எது என்று தெரியாமல் போகத்தான் விக்ஸ். மனித வாடைக்கு இல்லை. நம் ஊர்க் கரடி பனிக்கு முடங்குவதே இல்லை.

லோரி மணி:
நம் ஊருக்குப் பொருந்தாத கதையை ஏன் இழுத்தீர்கள்? அங்கே விக்ஸ், இங்கே கோடாலித் தைலமா?

குலைவெட்டு செல்வம்:
அண்ணே, தூக்கியது நான்தான். நேற்றே அதே இடத்தில் கோணிச்சாக்கு விரித்து விட்டுவிட்டு இலாகாவுக்கும் போன் செய்தோம். இன்று காலை சாக்கு மட்டும் கிடந்தது. மண்ணில் பெரிய நகத்தடம்.

பழைய கிராணி:
பார்த்தாயா மணி?

லோரி மணி:
எதைப் பார்ப்பது? தடம் தாயுடையது என்று யார் சொன்னது? கடுவன் கரடியாகவும் இருக்கலாம்.

மலர் டீச்சர்:
செல்வம், படம் எடுத்தீர்களா?

குலைவெட்டு செல்வம்:
மழை அழித்துவிட்டது, டீச்சர்.

லோரி மணி:
வசதியான மழை.

பழைய கிராணி:
வாடை பட்டால் தாய் வராது என்ற உன் பேச்சு அதே மழையோடு போயிற்று. அப்புறம், கோழி ஐந்து. அப்பாவின் நோட்டுப்புத்தகத்தில் இருக்கிறது.