படிச்சது சயின்ஸ், ஆனா கதவை மூணு தடவை தொடாம போக முடியல. இதுவும் மூடநம்பிக்கை தானா?

கடைசி_பெஞ்ச்:
நான் படிச்சது பிசிக்ஸ். மூடநம்பிக்கைன்னு யாராவது பேச ஆரம்பிச்சாலே வரிஞ்சு கட்டிட்டு சண்டைக்கு போற ஆளு. போன வருஷம் அப்பா பதினோரு நாள் ஐசியூல இருந்தாங்க. ரெண்டாவது நாள் காலைல எதேச்சையா கதவு நிலைய தொட்டுட்டு உள்ள போனேன், அன்னைக்கு டாக்டர் கொஞ்சம் பரவால்லன்னு சொன்னார். மறுநாள் தெரிஞ்சே தொட்டேன். நாலாவது நாள்லேர்ந்து மூணு தடவை. அப்பா நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டாங்க, ஆனா இன்னைக்கும் முக்கியமான வேலைக்கு கிளம்பும்போது கதவை மூணு தடவை தொடலைன்னா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. நான் தொட்டதால தான் அவர் பொழைச்சார்னு சத்தியமா நம்பல, ஆனா கை தானா போகுது. நம்பாத ஒன்ன செய்றதுக்கு பேர் என்ன? அம்மா அந்த பதினோரு நாளும் பிரார்த்தனை பண்ணிட்டே இருந்தாங்க, அதுவும் இதுவும் ஒன்னு தானா? அவங்ககிட்ட கேக்க தைரியம் வரல.

ராத்திரி_வாசிப்பு:
ப்ரோ, 1948ல ஸ்கின்னர்னு ஒரு உளவியலாளர் புறாக்கள வச்சு ஒரு சோதனை பண்ணார். பசியோட இருக்குற புறாவ கூண்டுல விட்டு, அது என்ன செஞ்சாலும் செய்யாட்டியும் குறிப்பிட்ட இடைவெளில தீனி தானா வர மாதிரி வச்சார். 8 புறாவுல 6 புறா ஏதோ ஒரு சடங்கு மாதிரி ஆரம்பிச்சுடுச்சு, ஒன்னு இடப்பக்கமா சுத்திட்டே இருந்துச்சு, இன்னொன்னு கூண்டோட மேல் மூலைல தலைய முட்டிக்கிட்டே இருந்துச்சு. தீனி வரும்போது எதேச்சையா செஞ்சிட்டு இருந்தது மனசுல ஒட்டிக்கிச்சுன்னார் அவர். உங்க கதவு அப்படியே இது தான். ஆனா கதை அதோட முடியல, 1971ல ஸ்டாடனும் சிம்மெல்ஹாகும் அதே மாதிரி திரும்ப செஞ்சு பார்த்துட்டு, இதுல பெரும்பகுதி தீனிய எதிர்பார்க்குற புறா இயல்பாவே செய்ற அசைவு தான்னு ஸ்கின்னரோட விளக்கத்தையே கேள்வி கேட்டாங்க. சயின்ஸ்ல எவ்ளோ பெரிய ஆள் சொன்னாலும் இன்னொருத்தர் திரும்ப செஞ்சு பார்ப்பார். நீங்க கதவை தொடாம ஒரு நாளாவது போய் பார்த்தீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க, ஏன்னா பந்தயத்துல வச்சிருந்தது அப்பாவோட உயிர்.

அலை_ஓசை:
அந்த கடைசி வரில தான் எல்லாமே இருக்கு. அறிவு இல்லாததால தான் மூடநம்பிக்கைன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். முதல் உலகப்போர் சமயத்துல பசிபிக் கடல் பக்கம் இருக்குற ட்ரோப்ரியண்ட் தீவுகள்ல தங்கியிருந்த மாலினோவ்ஸ்கின்னு ஒரு மானிடவியலாளர் ஒன்ன கவனிச்சார். காயல்ல மீன் பிடிக்கிறப்போ அந்த மக்கள் எந்த மந்திரமும் பண்ணல, அங்க ஆபத்து கம்மி, மீனும் நிச்சயம். அதே ஆளுங்க ஆழ்கடலுக்கு போறப்போ மந்திரம் சடங்குன்னு ஏகப்பட்டது. ஆளு ஒன்னு தான், அறிவும் ஒன்னு தான், மாறினது நம்ம கைல இல்லாத விஷயத்தோட அளவு மட்டும் தான். 1991 வளைகுடா போர்ல ஏவுகணை விழற பகுதில இருந்தவங்ககிட்டயும் மத்த பகுதில இருந்தவங்ககிட்டயும் கெய்னான்னு ஒரு உளவியலாளர் கேட்டுப் பார்த்தப்போ, ஆபத்து அதிகமா இருந்த பக்கம் இந்த மாதிரி நினைப்பும் அதிகமா இருந்துச்சு. ஐசியூ வாசல் உங்களுக்கு ஆழ்கடல் ப்ரோ, வெக்கப்பட ஒன்னுமில்ல. ஆனா ஒன்னு, இந்த தொடுறது பெருகி ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் முழுங்குற அளவுக்கு போச்சுன்னா மனநல டாக்டர பாருங்க, அது வேற விஷயம், அதுக்கு சிகிச்சை இருக்கு.

சாயங்கால_விளக்கு:
நான் கடவுள் நம்பிக்கை உள்ளவ, அதனால அம்மா விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன். எல்லா பிரார்த்தனையும் ஒன்னு இல்ல தம்பி. "இத செய்றேன், நீ அத குடு"ன்னு பேரம் பேசுனா அதுக்கும் உங்க கதவுக்கும் பெரிய தூரம் இல்ல, எண்ணிக்கை தப்பிடுச்சோன்னு நடுங்குறது ரெண்டுலயும் இருக்கு. தாங்க முடியாதத தாங்குறதுக்கு ஒருத்தர்கிட்ட போய் உக்கார்ற பிரார்த்தனையும் இருக்கு. ப்ளூட்டார்க்னு ஒரு பழங்கால கிரேக்க எழுத்தாளர், டெல்பி கோயில்ல பூசாரியாவே இருந்தவர், அவரே கடவுள் இல்லைன்னு சொல்றவன விட கடவுள நினைச்சு எந்நேரமும் பயந்து சாகுறவன் நிலைமை தான் மோசம்னு எழுதியிருக்கார். உங்கம்மா செஞ்சது எதுன்னு வெளிய இருந்து நம்மளால சொல்ல முடியாது.

நேர்_கோடு:
எல்லாரும் ரொம்ப ஆறுதலா பேசுறீங்க, அது சரி தான், ஆனா பயம் எப்பவும் கதவோட நிக்கிறதில்ல, அதுக்கு ஒரு ஆள் கிடைச்சா அந்த ஆள பிடிச்சுக்கும். கோள்களோட விதிய கண்டுபிடிச்ச கெப்ளரோட அம்மாவ சூனியக்காரின்னு பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க. அவங்க குடுத்த பானத்த குடிச்சு தான் எனக்கு நோய் வந்துச்சுன்னு ஒரு பொம்பள சொன்னதுல ஆரம்பிச்சது. 14 மாசம் உள்ள இருந்தாங்க, மகனே வழக்குல வாதாடி 1621ல வெளிய வந்தாங்க. இத்தனைக்கும் கெப்ளரும் ஜாதகம் கணிச்சவர் தான். கதவை தொடுறதுல யாருக்கும் நஷ்டமில்ல, ஆனா "அவ வந்ததால தான் இப்படி ஆச்சு"ன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அங்க நான் சமாதானமா இருக்க மாட்டேன்.

கடைசி_பெஞ்ச்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி அம்மாகிட்ட கேட்டுட்டேன். நீ கதவை தொடுறத தினமும் பார்த்துட்டு தான்டா இருந்தேன்னாங்க. ஏன்மா ஒன்னும் கேக்கலன்னேன். "நான் மட்டும் என்ன, காலைல அந்த நர்ஸ் பொண்ணு சிரிச்சா அன்னைக்கு நல்லது நடக்கும்னு வச்சிருந்தேன், ஒரு நாள் அவ லீவு, அன்னைக்கு பூரா எனக்கு பிரார்த்தனையே ஓடல"ன்னாங்க. திங்கக்கிழமை ஒரு இன்டர்வியூ இருக்கு. தொடாம போய் பார்க்கப் போறேன், வந்து சொல்றேன்.