டிராப் சி-யில் கம்பி கலகலக்கிறது, கிரவுல் செய்தால் தொண்டை கட்டுகிறது: தானாகப் பழகுபவருக்கு வழி சொல்லுங்கள்

கருங்கம்பி:

வணக்கம். ஆசிரியர் இல்லாமல் காணொளிகளைப் பார்த்தும் காதால் கேட்டும் மெட்டல் பழகி வருகிறேன். கிட்டார், குரல் இரண்டும். மேடை ஏறும் எண்ணமெல்லாம் இல்லை. எனக்குப் பிடித்த இசையை என் கையாலும் தொண்டையாலும் எழுப்ப வேண்டும், அவ்வளவுதான். மூன்று இடங்களில் முட்டி நிற்கிறேன்.

முதலில் குரல். தாழ்ந்த கிரவுல், அதாவது உறுமல் குரல், சில நிமிடங்கள் நன்றாக வருகிறது. பிறகு தொண்டையில் அரிப்பு, இருமல். மறுநாள் காலையில் குரல் கம்மிவிடுகிறது. சாதாரணமாகப் பாடும்போது மேல் ஸ்தாயி எட்டுவதில்லை. விரல் நுனி காய்ப்புக் காய்ப்பதுபோல் தொண்டையும் நாளடைவில் உரமேறிவிடும் என்கிறார்கள். உண்மையா?

அடுத்து கிட்டார். 9-42 கம்பிகளை (மெல்லியது 0.009 அங்குலம், தடித்தது 0.042) டிராப் சி-க்கு, அதாவது மற்றவற்றை இரண்டு அரைச்சுரமும் தடித்த ஆறாவதை நான்கு அரைச்சுரமும், இறக்கியிருக்கிறேன். ஆறாவது கம்பி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டில்) அடித்துக் கலகலக்கிறது. டியூனர் சரி என்று காட்டினாலும் பவர் கார்டு (இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) பிடித்தால் சுருதி பிசகுகிறது. பாம் மியூட் (உள்ளங்கை விளிம்பால் கம்பியை அமுக்கி மீட்டுவது) அழுத்தமாக ஒலிக்காமல் குழைந்து போகிறது.

மூன்றாவது, இரண்டையும் சேர்த்துச் செய்யப்போனால் வலது கை தடுமாறுகிறது.

தாழ்சுருதி:

பதில் சொல்வதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். மைக் வைத்துப் பாடுகிறீர்களா? ஆம்ப் எவ்வளவு சத்தத்தில் இருக்கிறது? ஒலியைக் கரகரப்பாக்கும் கெயின் திருகு எங்கே நிற்கிறது? பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) அசையாததா, மிதப்பதா? கிரவுல் செய்யும்போது இறுக்கம் எந்த இடத்தில் தெரிகிறது?

கருங்கம்பி:

மைக் இல்லை. ஆம்ப் நன்றாகவே சத்தமாக இருக்கும், அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று குரலை ஏற்றுகிறேன். கெயின் கிட்டத்தட்ட முழுவதும். பிரிட்ஜ் அசையாதது. இறுக்கம் தாடைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கத்தில்.

மூச்சுக்கணக்கு:

குரலைப் பற்றி நான் சொல்கிறேன். அந்தக் காய்ப்புக் கதையை இன்றோடு மறந்துவிடுங்கள். விரலில் காய்ப்பு வந்தால் நல்லது. குரல்நாணில் வந்தால் அதற்கு நாட்யூல் என்று பெயர், அதற்குச் சிகிச்சை எடுக்க வேண்டும். குரல்நாண்கள் உரமேறுவதில்லை, வீங்கத்தான் செய்யும். மறுநாள் மேல் ஸ்தாயி எட்டாமல் போவதும் அந்த வீக்கத்தால்தான்.

குரல்வளைக்குள் இரண்டு ஜோடி மடிப்புகள் உண்டு. பேசுவதும் பாடுவதும் கீழ் ஜோடியில். அதற்குச் சற்று மேலே தடித்த இன்னொரு ஜோடி இருக்கிறது, அவற்றைப் பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். நீங்கள் தேடும் தாழ்ந்த கிரவுலின் கரகரப்பு முக்கியமாக அங்கிருந்து வர வேண்டும். உங்கள் விஷயத்தில் ஆம்ப்போடு போட்டி போட்டுக் கத்துவதால் கீழ் ஜோடி ஒன்றோடொன்று மோதி அடிபடுகிறது. கழுத்தின் முன்பக்கம் இறுகுவதே அதற்குச் சாட்சி.

பாரமான ஒன்றைத் தூக்கும்போது மூச்சு அடைபட்டு ஒரு முனகல் வருமல்லவா? அதை மெதுவாக, பேசும் சத்தத்தைவிடத் தணிவாக எழுப்பிப் பாருங்கள். தொண்டைக்குள் ஏதோ கூடி வந்து மூடுவதை உணர்வீர்கள். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சிறிதளவு காற்றை விடுங்கள். முதலில் மெலிந்த உறுமலாகத்தான் வரும். அது போதும். அதன் கனத்தை வாயின் வடிவமும் மைக்கும் கூட்டித்தரும். ‘வயிற்றிலிருந்து கத்து’ என்ற அறிவுரையைக் கேட்டுப் பலர் காற்றை வாரித் தள்ளுகிறார்கள். தேவை குறைவான, சீரான காற்று. ‘ஸ்ஸ்’ என்று நடுங்காமல் நீட்டிப் பழகினால் அந்தக் கட்டுப்பாடு கைவரும்.

பயிற்சி முடிந்தவுடன் ஒரு சோதனை: உங்கள் குரலின் மேல் பகுதியில் ஒரு ஸ்வரத்தை மிக மென்மையாக முனகிப் பாருங்கள். வழக்கம்போல் வந்தால் சரி. காற்று மட்டும் வந்தாலோ விட்டுவிட்டு வந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். சத்தமாகப் பாடிச் சோதிக்காதீர்கள், பலத்தைக் கூட்டினால் வீக்கம் மறைந்துகொள்ளும். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மிட்டாய், ஸ்பிரே போட்டுக்கொண்டு பயிற்சி செய்யவே கூடாது. வலி தெரியாவிட்டால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டிவிடுங்கள்.

தாழ்சுருதி:

கிட்டாருக்கு வருகிறேன். கலகலப்பும் சுருதிப் பிசகும் ஒரே காரணத்தால் வருபவை: கம்பியில் இழுவிசை போதவில்லை. ஆறாவது கம்பி இயல்பான ஈ-யில் 82.4 ஹெர்ட்ஸ், நீங்கள் இறக்கியிருக்கும் சி 65.4. இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிப்படி மாறும் என்பதால் அந்தக் கம்பியில் ஏறத்தாழ 37 விழுக்காடு குறைந்துவிட்டது. மற்ற ஐந்திலும் முழுச் சுரம் இறங்கியதால் 20 விழுக்காடு அளவுக்குப் போயிற்று. தளர்ந்த கம்பியைப் பலமாக அடித்தால் அடித்த கணத்தில் சுருதி மேலே தாவும். இடது கை அழுத்தினாலும் அப்படித்தான். டியூனரோ நீங்கள் மென்மையாக மீட்டிய சுருதியைக் காட்டுகிறது.

10-52 போடுங்கள். கம்பியின் இழுவிசை தடிமனின் இருமடியோடும் ஏறக்குறைய ஒத்துப்போகும்; கணக்குப் போட்டால் டிராப் சி-யில் 10-52, இயல்பான சுருதியில் 9-42 எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அதே இறுக்கத்தைத் தரும். மாற்றியபின் கிட்டார் கழுத்தின் வளைவு, கம்பியின் உயரம், கடைசியாக 12-ஆம் ஃபிரெட்டில் இன்டொனேஷன் (ஃபிரெட் பிடித்தாலும் சுருதி சரியாக நிற்கிறதா என்பது) என்ற வரிசையில் சரிபாருங்கள். இன்டொனேஷனை முதலில் செய்தால் மற்றவை அதைக் கலைத்துவிடும்.

பாம் மியூட் குழைவதற்குக் கெயினும் ஒரு காரணம். பாதிக்குக் கீழே கொண்டுவந்து, நடு அலைவரிசையைக் கூட்டுங்கள். உள்ளங்கை விளிம்பு, கம்பி பிரிட்ஜை விட்டு வெளியேறும் இடத்தில் படட்டும். ஒரு விரற்கடை முன்னால் போனால் சுருதியே தெரியாத மொத்தென்ற ஒலி வரும், பின்னால் போனால் கம்பி அமுங்காமல் திறந்தே ஒலிக்கும். கெயினைக் குறைத்ததும் உங்கள் வாசிப்பு வெறுமையாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வெறுமையில்தான் கை எங்கே பிந்துகிறது என்று காதில் விழும்.

நள்ளிரவு நாண்:

தாழ்சுருதி அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் தடித்த கம்பி ஒன்றே வழி என்று புதியவர்கள் நினைத்துவிடக் கூடாது. பிளாக் சப்பாத் என்ற மெட்டல் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 1965-இல் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் ஃபிரெட் பிடிக்கும் கையே அது. விரல் நோகாமல் இருக்க மெல்லிய கம்பிகளைத் தேடிப் போட்டார், 1971 வாக்கில் மூன்று அரைச்சுரம் கீழே இறக்கியும் வாசித்தார். இந்த இசையின் கனமே அந்தத் தளர்ந்த கம்பியில் தொடங்கியதுதான்.

தாழ்சுருதி:

உண்மை, அதை நானும் வணங்குகிறேன். ஆனால் தளர்ந்த கம்பிக்குத் தணிந்த கை வேண்டும். கருங்கம்பி வாசிக்க விரும்புவது வேகமான பாம் மியூட்; அதற்கு இறுக்கம் உதவும்.

மூன்றாவது கேள்விக்கு: ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது இன்னும் கைக்குப் பழகவில்லை. முடிந்தால், வரிகளைக் கிரவுல் இல்லாமல் மெட்ரோனோமோடு வெறுமனே சொல்லுங்கள். எந்த அசை கீழ்நோக்கிய அடியில் விழுகிறது, எது மேல்நோக்கியதில் விழுகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தடுமாற்றம் அநேகமாக ஒரே ஒரு அசையில்தான் இருக்கும். அதைச் சுற்றியுள்ள இரண்டு தாளவட்டத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிவிட்டு, கிரவுலைக் கடைசியில் சேருங்கள்.

கருங்கம்பி:

இருவர் சொன்னதையும் செய்து பார்த்தேன். 10-52 போட்டதும் கலகலப்பு பெரும்பாலும் நின்றது, பவர் கார்டு சேர்ந்து ஒலிக்கிறது. குரலைத் தணித்து, மலிவான ஒரு மைக்கை வாயருகே வைத்துப் பதிவு செய்தேன். அறையில் மெலிந்து கேட்ட உறுமல் பதிவில் இவ்வளவு பெரிதாக ஒலிக்கும் என்று நம்பவே முடியவில்லை! இருமல் இல்லை, மென்மையாக முனகும் ஸ்வரமும் வந்தது.

புதிதாக ஒன்று: ஆறாவது கம்பியைச் சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று ஒலித்துச் சட்டென்று தாவுகிறது.

தாழ்சுருதி:

42-க்கு வெட்டிய நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் 52 சிக்கிக்கொள்கிறது. கம்பியைத் தளர்த்தி, பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். அப்படியும் சிக்கினால், அல்லது கம்பி பள்ளத்தின் அடியில் உட்காராமல் மேலேயே நின்றால், பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அகலப்படுத்துங்கள். நீங்களே அரத்தை எடுக்க வேண்டாம். பள்ளம் ஆழமாகிவிட்டால் திறந்த கம்பி முதல் ஃபிரெட்டில் அடிக்கும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும்.

மூச்சுக்கணக்கு:

மகிழ்ச்சி. பதிவைக் கேட்ட உற்சாகத்தில் நேரத்தைக் கூட்டிவிடாதீர்கள். பழைய கம்மல் முழுதாகப் போகும்வரை குறுகிய பயிற்சி, நடுவில் நல்ல ஓய்வு. மைக் மிக அருகில் இருந்தால் தாழ்ந்த அலைவரிசை தானாகவே ஊதிப் பெருகும், அந்தக் கனத்தை முழுக்க உங்கள் குரலுடையது என்று கணக்கில் எடுக்க வேண்டாம். ஒரு சாண் தள்ளி வைத்தும் ஒரு பதிவு எடுத்து இங்கே போடுங்கள், கேட்டுவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.