கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துச் சிறை போன ஜான் கர்டின், 1943-இல் செய்தது சரியா?

கேள்வி:
இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த கர்டினைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். ஒரு விஷயம் மட்டும் மனதுக்கு ஒப்பவில்லை. 1916-இல் கட்டாய ஆள்சேர்ப்புக்கு எதிராக இயக்கம் நடத்தி, சிறைக்கும் போனவர். அதே மனிதர் 1943-இல், அப்படிச் சேர்க்கப்பட்டவர்களைக் கடல் கடந்தும் அனுப்பலாம் என்று சட்டம் கொண்டுவந்தார். கொள்கையை விட்டுக்கொடுத்ததாகத்தானே அர்த்தம்?

பதில் 1:
அப்படிச் சொல்ல மாட்டேன். 1916-இல் சண்டை ஐரோப்பாவில் நடந்தது. 1942-இல் பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது, நாலே நாளில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலேயே ஜப்பானியக் குண்டு விழுந்தது. சட்டத்திலும் எல்லை இருந்தது, தென்மேற்கு பசிபிக்கில் ஒரு பகுதிக்கு மட்டும்தான் அனுப்பலாம். அமெரிக்காவில் கட்டாயத்தின் பேரில் சேர்க்கப்பட்ட பையன்கள் ஆஸ்திரேலியாவைக் காக்க வந்து சாகும்போது, நம் ஆட்களை அனுப்ப மாட்டோம் என்று அவர் எந்த முகத்தோடு சொல்வார்?

பதில் 2:
எல்லை போட்டாலும் கட்டாயம் கட்டாயம்தான். அவருடைய லேபர் கட்சியிலேயே எடி வார்டும் ஆர்தர் கால்வெலும் கடுமையாக எதிர்த்தார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

பதில் 3:
கர்டினை எடைபோட 1943-ஐ விட 1942 பிப்ரவரியைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். மத்தியக் கிழக்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் படையின் 7-ஆவது டிவிஷனை (பெரும் படைப்பிரிவை) பர்மாவுக்கு அனுப்பச் சொல்லி சர்ச்சில் கேட்டார், ரூஸ்வெல்ட்டும் வற்புறுத்தினார், இவர் முடியாது என்றார். பதில் வருவதற்குள்ளேயே சர்ச்சில் கப்பல்களை ரங்கூன் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்! அப்போதும் கர்டின் அசையவில்லை. மார்ச் 8-இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அந்தப் படை அங்கே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதே டிவிஷன்தான் பிறகு நியூ கினியில் கொகோடா பாதையில் போரிட்டது. துணைக்குப் போதிய போர்க்கப்பல் இல்லாமல் அந்த வீரர்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து வந்த நாட்களில் அவருக்குத் தூக்கமே இல்லை, இரவெல்லாம் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். அப்புறம், 6-ஆவது டிவிஷனின் இரண்டு பிரிகேடுகளை இலங்கையைக் காக்க விட்டுக்கொடுத்தவரும் இவர்தான். ஏப்ரல் 5-இல் கொழும்பில் குண்டு விழுந்தபோது அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
இலங்கை விஷயம் எனக்குப் புதிது, நன்றி. 1943 பற்றி என் மனம் இன்னும் முழுதாக மாறவில்லை. ஆனால் சிறை போன அந்த மனிதருக்கு அதில் கையெழுத்திடுவது எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பதில் 3:
உடம்பும் தாங்கவில்லை. 1945 ஜூலை 5-இல், பதவியில் இருக்கும்போதே, 60 வயதில் இறந்துபோனார். ஜப்பான் சரணடைய ஆறு வாரம்கூட இல்லை.